எச்.எல்.ஏ. ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

"யக்கா, ஆறுக்கு மூணுதான் வந்திருக்குது. அம்மா கிட்னி ஒத்துக்காதா?"

போன மாதம் காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ஃபைலை உருவிக்கொண்டே கேட்டார். பின்னால் படியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். மகனுக்குக் கிட்னி கொடுக்கத் துணிந்து வந்த மனுஷி, பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"பெத்த அம்மாவுக்கு ஆறுக்கு மூணுதாம்மா வரும். அதுக்கு மேல வந்தா அதிர்ஷ்டம். கீழ வராது" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம்தான் ஃபைலை வாங்கினேன். வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை, கடைசித் தாளைத் தேடினேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியன். 26 வருஷம் எச்.எல்.ஏ. பரிசோதனை, அதாவது உறுப்பு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொருத்தம் பார்க்கிற பரிசோதனை, செய்துவிட்டு ரிட்டயர் ஆனவள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்காவது கிட்னி மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், "லேப் அக்கா வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வா" என்று யாராவது அனுப்பிவிடுவார்கள். நான் முடிவு சொல்ல மாட்டேன். அது உங்கள் சிறுநீரக டாக்டர் சொல்ல வேண்டியது. தாளில் என்ன எழுதியிருக்கிறது, அதில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எதை விடாமல் கேட்க வேண்டும் என்பது மட்டும் என் வேலை.

முதலில், இந்த எச்.எல்.ஏ. என்ன வேலை செய்கிறது

என் அப்பா ஹார்பரில் மேஸ்திரி. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் காவலாளி முன்னால் டிபன் கேரியரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தினமும் பார்க்கிற முகமாக இருந்தாலும் காட்டித்தான் ஆக வேண்டும். உடம்பிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே தயாராகிற புரதங்களில் துண்டு துண்டாகக் கொஞ்சம் எடுத்து, ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. ரத்தத்தில் சுற்றுகிற டி செல்தான் காவலாளி. தட்டில் நம் வீட்டுச் சாப்பாடு மட்டும் இருந்தால் பேசாமல் போய்விடும். வைரஸ் புகுந்த செல் என்றால் தட்டில் வைரஸின் துண்டும் ஏறிவிடும். உடனே அந்தச் செல்லைத் தீர்த்துக்கட்டும்.

தட்டில் இரண்டு வகை உண்டு. ஏ, பி, சி என்பவை முதல் வகுப்பு. உட்கரு உள்ள செல் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். டி.ஆர், டி.கியூ, டி.பி இரண்டாம் வகுப்பு. வெளியிலிருந்து கிருமியை விழுங்கி, "இதோ பார், இது வந்திருக்கிறது" என்று காட்டுகிற செல்களில்தான் முக்கியமாக இருக்கும். காவலாளி தட்டையும் பார்க்கும், தட்டில் உள்ளதையும் பார்க்கும். இரண்டையும் சேர்த்துத்தான் அதற்குப் பார்க்கத் தெரியும். 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைக் கண்டுபிடித்த டோஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொருவர் கிட்னியை உள்ளே வைத்தால் என்ன ஆகும்? சாப்பாடு இருக்கட்டும், தட்டே நம் வீட்டுத் தட்டு இல்லை. காவலாளி சும்மா விடுவாரா?

ஆளுக்கு ஆள் தட்டு மாறுவது கடவுள் செய்த குளறுபடி என்று ஒரு டிரைவர் அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டார். குளறுபடி இல்லை, அண்ணே. ஒரு தட்டில் எல்லாத் துண்டும் உட்காராது. எல்லோருக்கும் ஒரே தட்டு இருந்து, அதில் உட்காராத ஒரு கிருமி வந்தால் ஊரே காலியாகிவிடும். அதனால்தான் உலகம் முழுக்க இதுவரை 40,000-க்கும் மேற்பட்ட எச்.எல்.ஏ. வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பி57 வகை உள்ளவர்களில் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றினாலும் மருந்தில்லாமலே பல வருஷம் வைரஸ் அடங்கிக் கிடக்கும். ஆபரேஷன் தியேட்டரில் தொல்லை கொடுக்கிற இந்த வேற்றுமைதான் கொள்ளைநோய்க் காலங்களில் நம் கூட்டத்தைக் காப்பாற்றியது.

முதல் பக்கம்: எண்களைப் பார்த்து மிரளாதீர்கள்

காசிமேட்டுக்காரரின் ரிப்போர்ட்டில் இப்படி இருந்தது. மகனுக்கு ஏ*24:02, ஏ*33:03, பி*40:06, பி*44:03, டி.ஆர்.பி1*07:01, டி.ஆர்.பி1*15:01. அம்மாவுக்கு ஏ*11:01, ஏ*33:03, பி*35:03, பி*44:03, டி.ஆர்.பி1*07:01, டி.ஆர்.பி1*14:04.

நட்சத்திரக் குறிக்கு முன்னால் இருப்பது எந்தத் தட்டு என்பது. அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் தெருப் பெயர் மாதிரி. முக்கால் புள்ளிக்குப் பின்னால் வருவது கதவு எண். சில ரிப்போர்ட்டில் தெரு மட்டும் இருக்கும், கதவு எண் இருக்காது. கிட்னிக்குப் பல சமயம் அதுவே போதும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு எண் இருப்பது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வந்ததால். ஒரே எண் மட்டும் இருந்து பக்கத்தில் கோடு போட்டிருந்தால், இரண்டு பேரும் ஒரே வகையைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். "அங்க ஏதோ காணோமே" என்று பதற வேண்டாம்.

இப்போது ஒத்துப்போவதை விரல்விட்டு எண்ணுங்கள். ஏ33 இரண்டு பேருக்கும் உண்டு, ஒன்று. பி44, இரண்டு. டி.ஆர்.7, மூன்று. ஏ, பி, டி.ஆர் என்ற மூன்றிலும் இரண்டிரண்டு, ஆக மொத்தம் ஆறு. அதனால் ஆறுக்கு மூன்று. ஆனால் ரிப்போர்ட்டில் "மேட்ச்" என்று போட்டிருக்கிறதா, "மிஸ்மேட்ச்" என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிஸ்மேட்ச் பூஜ்யம் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு குடும்பமே அழுதுகொண்டு வந்தது. அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது என்று புரிய வைக்க எனக்கு ஒரு டீ செலவாயிற்று.

ஏன் அம்மாவுக்கு மூன்று? இந்த மரபணுக்கள் எல்லாம் ஆறாவது குரோமோசோமில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் தனித்தனியாகப் பிரிந்து வருவது அபூர்வம், செட்டாகத்தான் வரும். எம்.சி. ரோட்டில் சுடிதார் செட் வாங்கியவர்களுக்குத் தெரியும்: டாப் இதில், துப்பட்டா அதில் என்று மாற்றித் தர மாட்டார்கள். அம்மாவிடம் இரண்டு செட், அப்பாவிடம் இரண்டு செட். பிள்ளைக்கு ஆளுக்கொரு செட் வரும். அதனால் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் ஒரு செட் பொது. அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு அப்படி உறுதி கிடையாது. இரண்டு செட்டும் ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு, ஒரு செட் பொதுவாக இருக்க நாலில் இரண்டு, ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க நாலில் ஒன்று.

இந்தக் கடைசி நாலில் ஒன்று குடும்பங்களை என்ன பாடு படுத்தும் என்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். ஆறுக்குப் பூஜ்யம். கூட வந்த சித்தி ஒருத்தி, "அப்போ இது கூடப் பொறந்தது இல்லியா?" என்று அம்மாவைப் பார்த்தபடியே கேட்டுவிட்டாள். அந்த அம்மாவின் முகம் வெந்துபோனது. நான் உள்ளே போய் நாலு கலரில் வளையல் எடுத்து வந்தேன். சிவப்பும் பச்சையும் அம்மாவுடையது. நீலமும் மஞ்சளும் அப்பாவுடையது. அக்காவுக்குச் சிவப்பும் நீலமும் போட்டேன். தம்பிக்குப் பச்சையும் மஞ்சளும். "இப்ப சொல்லு, இது ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளையா இல்லியா?" என்று சித்தியிடமே கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அப்பா, அம்மா ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தபோது வளையல் சொன்னதே தாளிலும் இருந்தது. அந்த அக்காதான் கிட்னி கொடுத்தார். தம்பி இப்போது காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார்.

ஆறுக்குப் பூஜ்யம் வந்தும் கொடுக்க முடியுமா என்றால், முடியும். இன்றைய மருந்துகளால் அது நடக்கிறது. அதிகம் ஒத்துப்போனால் கிட்னி சராசரியாகக் கூடுதல் காலம் உழைக்கும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. கணவன் மனைவிக்கு ஒன்று இரண்டு ஒத்துப்போனாலே தற்செயல்தான். அப்படிக் கொடுத்து நன்றாக இருக்கிற ஜோடிகள் எத்தனையோ.

கடைசிப் பக்கம்: க்ராஸ்மேட்ச்

இதற்குத்தான் நான் முதலில் தாளைப் புரட்டியது. முதல் பக்கம் சொல்வது, தட்டு எவ்வளவு வித்தியாசம் என்பது. கடைசிப் பக்கம் சொல்வது, அந்தத் தட்டை எதிர்த்து நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டிபாடி தயாராக இருக்கிறதா என்பது. ஆன்டிபாடி என்ற சொல் கோவிட் சமயத்தில் எல்லோருக்கும் பழகிப்போனது. அங்கே இருந்தால் நல்லது என்று சந்தோஷப்பட்டோம். இங்கே இருந்தால் ஆபத்து.

முன்பின் பார்க்காத தட்டுக்கு எப்படி ஆன்டிபாடி வரும்? மூன்று வழி. முன்பு ஒரு தடவை உறுப்பு மாற்றியிருந்தால் வரும். ரத்தம் ஏற்றியிருந்தால் வரும், அதில் இருக்கிற வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும்தான் காரணம். மூன்றாவது, பிள்ளை பெற்றிருந்தால். வயிற்றுப் பிள்ளையிடம் அப்பாவின் ஒரு செட் இருக்கிறதல்லவா? அம்மாவின் ரத்தம் அதை அந்நியமாகப் பார்த்து ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொள்ளும். எச்.எல்.ஏ. என்ற ஒன்று இருப்பதே இப்படித்தான் தெரிய வந்தது. 1958-இல் பிரான்சில் ஜான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீரில்) மற்றவர்களின் வெள்ளை அணுக்களைத் தாக்குகிற பொருளைக் கண்டார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தில் அதையே பார்த்தார்கள். டோசேவுக்கு 1980-இல் நோபல் பரிசு. எத்தனையோ தாய்மாரின் ரத்தத்தில்தான் பல வருஷம் உலகமே எச்.எல்.ஏ. வகை பார்த்தது, நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் பிரசவ வார்டுகளிலிருந்து வந்த சீரம் எங்கள் ஃப்ரீசரில் இருந்தது.

மனைவிக்குக் கணவன் கிட்னி கொடுக்கிற இடத்தில்தான் இது கழுத்தைப் பிடிக்கும். வியாசர்பாடி பக்கம் ஒரு ஜோடி. ரத்தக் குரூப் பொருத்தம், கணவனின் கிட்னி இரண்டும் அருமை, பணமும் புரட்டிவிட்டார்கள். க்ராஸ்மேட்ச் பரிசோதனையை அன்று செய்து பார்த்தது நான்தான்.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. கொடுப்பவரின் ரத்தத்தை ஒரு திரவத்தின் மேல் மெதுவாக, கலங்காமல் ஊற்றிச் சுழல விட வேண்டும். சிவப்பணு அடியில் தங்கும். நடுவில் புகை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். அதுதான் நிணநீர் அணுக்கள். அதைப் பிப்பெட்டில் உறிஞ்சிக் கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள், 60 அல்லது 72. ஒவ்வொரு குழியிலும் வாங்குபவரின் சீரம் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே அளவு அணுக்கள். அரை மணி கழித்து முயலின் சீரம் சேர்ப்போம். ஆன்டிபாடி அணுவில் ஒட்டியிருந்தால், முயல் சீரத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அந்த அணுவைத் துளைத்துவிடும். கடைசியில் சாயம். உயிருள்ள அணுவுக்குள் சாயம் நுழையாது. மைக்ராஸ்கோப்பில் விளக்கேற்றி வைத்த மாதிரி மின்னும். செத்தது சாயம் குடித்து உப்பிக் கறுத்துக் கிடக்கும்.

அன்று குழிக்குக் குழி கறுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஆன்டிபாடி இல்லாத சீரம் வைத்த கன்ட்ரோல் குழியை இரண்டு தடவை பார்த்தேன், அதெல்லாம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. தப்பு என் கையில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் வழியாகக் கணவனின் தட்டை அவள் உடம்பு எப்போதோ பார்த்துவிட்டிருந்தது.

அப்படியே ஆபரேஷன் செய்திருந்தால்? 1969-இல் பட்டேலும் டெராசாகியும் எழுதிய கணக்கு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். க்ராஸ்மேட்ச் பாசிட்டிவாக, அதாவது இப்படிக் கறுப்பாக, இருந்தும் வைத்த 30 கிட்னிகளில் 24 உடனே போய்விட்டன. நெகட்டிவாக இருந்த 195-இல் அப்படிப் போனது 8 மட்டுமே. சில கிட்னிகள் மேசையிலேயே, தையல் போடுவதற்குள் நீலமாகிக் கறுத்துவிடும். டெராசாகி 1964-இல் வடிவமைத்த சின்னக் குழித் தட்டு முறைதான் நான் மேலே சொன்னது.

சரி, பாசிட்டிவ் என்றால் கதை முடிந்ததா? இல்லை. எந்த வகை க்ராஸ்மேட்ச் என்று கேளுங்கள். "டி.டி.டி. போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். டி.டி.டி. (DTT) என்பது ஐ.ஜி.எம். என்ற வகை ஆன்டிபாடியை உடைத்துவிடுகிற ரசாயனம். அது போட்டதும் நெகட்டிவாக மாறினால், பிடித்தது பெரும்பாலும் அவ்வளவாகத் தொல்லை கொடுக்காத ஐ.ஜி.எம். வகையாக இருக்கலாம். அடுத்து மணிப் பரிசோதனை இருக்கிறது: ஒவ்வொரு பிளாஸ்டிக் மணியிலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. ஒட்டியிருக்கும், எந்த மணியில் ஆன்டிபாடி பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று எம்.எஃப்.ஐ. என்ற எண்ணாக வரும். அதில் கொடுப்பவரின் தட்டுக்கு எதிரானது இருந்தால் டி.எஸ்.ஏ. என்று எழுதுவார்கள். அந்த எண்ணுக்கு ஒவ்வொரு மருத்துவமனையும் தன் எல்லையை வைத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவ்வளவு இருந்ததே என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

பிளாஸ்மாவை மாற்றி, ஊசி மருந்து கொடுத்து ஆன்டிபாடியைக் குறைத்துவிட்டுச் செய்கிற வழியும் உண்டு. செலவும் கிருமித் தொற்றும் கூடும். இன்னொரு வழி ஜோடி மாற்றிக்கொள்வது. இவர் கணவன் கிட்னி அந்த மனைவிக்கு, அவர் கணவன் கிட்னி இந்த மனைவிக்கு. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தத்திலிருந்து நெருங்கிய உறவு ஜோடிகளுக்கு இது அனுமதி. வியாசர்பாடி ஜோடிக்கு இந்த வழியைத்தான் டாக்டர் காட்டினார். கோயிலில் சம்பந்தி பார்க்கப் போவது மாதிரி இரண்டு குடும்பமும் புதுத் துணி உடுத்திக்கொண்டு சந்தித்தார்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

டயாலிசிஸ் காலத்திலேயே இது ஆரம்பிக்கிறது. ரத்தம் குறைந்தால் "ஒரு யூனிட் ஏத்திடலாமா?" என்பார்கள். உயிருக்கு அவசரம் என்றால் யோசிக்காதீர்கள். அவசரம் இல்லையென்றால், ரத்தம் ஊறத் தூண்டுகிற எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போட்டு ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வெள்ளை அணுக்களை வடிகட்டிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிட்னி கொடுக்கப் போகிற உறவினரிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றவே ஏற்றாதீர்கள். "என் ரத்தம்தானே, நானே தர்றேன்" என்று பாசத்தில் கை நீட்டுவார்கள். அந்தப் பாசம் அந்தக் கிட்னிக்கே வேட்டு வைத்துவிடும். ஏற்றிய தேதியை டயாலிசிஸ் நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரமாவது கழித்து ஆன்டிபாடியை மறுபடி பார்க்க வேண்டும். பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

லேபில் கேட்கிற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். எத்தனை பிரசவம் என்று கேட்டால் இரண்டு என்பார்கள். கலைந்துபோனது உண்டா என்றால் இல்லை என்பார்கள், மாமியார் பக்கத்தில் நிற்பார். நான் மாமியாரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு மறுபடி கேட்பேன். "ஒண்ணு... மூணு மாசத்துல..." என்று சத்தமே வராமல் சொல்வார்கள். அதுவும் கணக்குதான், ஆன்டிபாடிக்கு மாமியாரைத் தெரியாது. ரிட்டக்சிமாப் ஊசி போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். அது பி செல் (ஆன்டிபாடி தயாரிக்கிற வகை வெள்ளை அணு) வைத்துச் செய்கிற க்ராஸ்மேட்ச்சைப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிவிடும்.

ரத்தம் பிடிக்கிற குழாய் விஷயம் டெக்னீஷியன் பொறுப்பு. ஆனாலும் ஊரிலிருந்து ரத்தம் அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. க்ராஸ்மேட்ச்சுக்கு உயிருள்ள அணு வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. ஒரு முறை வெளியூரிலிருந்து ஐஸ்கட்டிக்கு நடுவில் பொதிந்து ஒரு பார்சல் வந்தது. மீன் அனுப்புகிற மாதிரி அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பாதி அணு செத்துக் கிடந்தது. கொடுப்பவர் மறுபடி ரயிலேறி வந்தார். வகை பார்க்கிற டி.என்.ஏ. பரிசோதனைக்கு இந்தக் கெடுபிடி இல்லை, சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயே போதும்.

ஆபரேஷனுக்கு முன் கடைசியாக ஒரு க்ராஸ்மேட்ச் புது ரத்தத்தில் செய்வார்கள். மூன்று மாதம் முன்னால்தான் செய்தோமே, ஏன் இரண்டாவது செலவு என்று சண்டை போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று சிகிச்சை உண்டு. எந்தெந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரிலேயே முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உறவு பற்றி ஒரு வார்த்தை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் நடைமுறை ஒரு மாதிரி, மற்றவர் என்றால் அங்கீகாரக் குழு முன்னால் நிற்க வேண்டும். நம் பக்கத்துக்கு இதில் பழைய காயம் உண்டு. 2007-இல் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்றது நாடு முழுக்கச் செய்தியானது. "தங்கச்சின்னு எழுதிக்கலாம், யாருக்குத் தெரியும்?" என்று எவனாவது புரோக்கர் சொன்னால், அப்பா அம்மா தாளை வைத்துப் பார்க்கும்போது தட்டுக்குத் தெரியும். வளையல் கணக்கு அங்கே இடிக்கும். கொடுக்க யாருமே இல்லையென்றால், மருத்துவமனை மூலமாக மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள்.

கிட்னிக்கு அல்லாமல் வேறு எதற்காவது எச்.எல்.ஏ. எழுதிக் கொடுத்தால்

எச்.எல்.ஏ. பி27 என்று சீட்டில் எழுதியிருந்தால் அது முதுகு விஷயம். காலையில் எழுந்ததும் இடுப்பு மரக்கட்டையாக இறுகி, நடமாட நடமாட இளகுகிற வலி. அதிலும் இளவயசுக்காரர்களுக்கு. 1973-லிருந்து தெரியும் இந்தத் தொடர்பு. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கல்யாணத்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், அநியாயம்.

வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கார்பமசெபின் கொடுக்கும் முன் சில டாக்டர்கள் பி*15:02 பார்க்கச் சொல்வார்கள். அந்த வகை இருந்தால் தோல் வெந்து உரிகிற கடுமையான ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், புது மாத்திரை ஆரம்பித்த வாரங்களில் காய்ச்சலோடு வாய் புண்ணாகித் தோலில் கொப்புளம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்றம் தனிக் கதை. அங்கே முதல் பக்கம்தான் ராஜா. ஏ, பி, சி, டி.ஆர், டி.கியூ ஐந்திலும் இரண்டிரண்டாகப் பத்துக்குப் பத்து தேடுவார்கள், கதவு எண் வரைக்கும் பார்ப்பார்கள். காரணம், அங்கே காவலாளியையே வெளியிலிருந்து கொண்டுவருகிறோம், அவர் வந்து சேர்ந்த வீட்டையே, அதாவது நோயாளியின் உடம்பையே, தாக்க ஆரம்பித்துவிடலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்து தாத்ரி மாதிரிப் பதிவேடுகளில் பெயர் சேர்த்துவைத்தால், எங்கோ ஒருவருக்கு நீங்கள் ஒத்துப்போகலாம். நம் வகைகள் நம் ஆட்களிடம்தான் கிடைக்கும். கல்லீரலுக்கு இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை, கண்ணின் கருவிழிக்குப் பொதுவாகப் பார்ப்பதே இல்லை.

வைத்த பிறகு

தட்டு வேறுதான், அது மாறப்போவதில்லை. காவலாளியைக் கொஞ்சம் தூக்கத்தில் வைத்திருப்பது மாத்திரைதான். நல்லா இருக்கேனே என்று ஒரு வருஷத்தில் மாத்திரையை விட்டவர்கள், க்ராஸ்மேட்ச் சமயத்தில் சுத்தமாக இருந்த ரத்தத்தில் புதுசாக டி.எஸ்.ஏ.வோடு திரும்பி வருவார்கள். எனக்கு மிகவும் கசப்பான ரிப்போர்ட்டுகள் அவைதான். பம்பளிமாஸ் பழமும் கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம், அவை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

காவலாளியைத் தூங்க வைக்கிற அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற நாளில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். அந்தப் பரிசோதனைக்கு, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகி, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டிலேயே வழக்கப்படி போட்டுவிட்டு வந்தால் எண் எகிறிக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைப்பார், கிட்னி மாட்டிக்கொள்ளும். அதனால் காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். பெண்கள் பர்ஸில். கையோடு ஒரு பாட்டில் தண்ணீர். ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததும் லேப் வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.